பித்து, ரகசியம், மலையுச்சி: எங்கள் மாடியில் பார்க்கும் படங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெரிந்தவர்கள் இருபது பேர் போலக் கூடிப் படம் பார்க்கிறோம். கோடையில் மட்டும் ஏற்காட்டில் ஒரு தோழியின் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவோம். காப்பி காயப்போடும் களம் அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும். நாங்கள் பார்ப்பதெல்லாம் ஒரே வகை: சிக்கலில் மாட்டிய காதல், கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்த சேதி, ஒருவர்மேல் ஒருவருக்கு வந்த பித்து. வருகிறவர்களும் வரலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ படம் இருக்க, ஏங்க்கா இந்த மாதிரிப் படங்களையே பாக்கறீங்க?

என் அப்பா சேலத்தில் ஒரு கொட்டகையில் ஆப்பரேட்டர். கார்பன் குச்சி எரியும் இரண்டு புரொஜெக்டர்களுக்கு நடுவில் நின்றே அவர் வாழ்க்கை போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த அறைக்குத்தான் போவேன். சுவரில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் சினிமா பார்த்து வளர்ந்தேன். திரையின் மூலையில் புள்ளி விழுந்தால் அடுத்த ரீலுக்கு மாற வேண்டும் என்பது ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். நாயகன் நாயகியின் பின்னாலேயே போவான், அவள் முறைப்பாள், பாட்டு வரும், பாட்டு முடிவதற்குள் சிரித்துவிடுவாள் என்பதும் தெரியும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், ஒருவர் என் பின்னால் வர ஆரம்பித்தார். காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். மாலையில் கல்லூரி வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. எட்டு மாதம் இப்படியே போயிற்று. "உனக்காக வெயில்ல இப்படி நிக்கறாரே, நீ குடுத்து வச்சவ" என்று தோழிகள் சொன்னார்கள். எனக்கோ சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்துக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் நான் ஓட்டை வழியாகப் பார்த்த அத்தனை படத்திலும் அதற்குக் காதல் என்றுதான் பெயர். கடைசியில் அம்மாவிடம் சொல்லி அழுதேன். மறுநாளிலிருந்து அப்பா, ராத்திரி ஆட்டம் முடித்து ஒன்றரை மணிக்கு வந்து படுத்தவர், காலை ஏழரைக்கு என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். தூக்கம் கலையாத கண்ணோடு என் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். அந்த ஆளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு மாதம் முழுக்க வந்தார். அதற்குள் அந்த ஆள் வருவது நின்றுபோனது.

அதற்கப்புறம் அதே படங்களை மறுபடி பார்க்கும்போது என் கண் நாயகியின் முகத்துக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் போகிறது. மாடியில் கூடும்போதும் எங்கள் பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்: அந்த நேரத்தில் அவள் முகம் என்ன சொன்னது?

‘அப்செஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பித்து சரியா, வெறி சரியா?

பேச்சில் பித்து போதும். "அவ மேல பித்தா திரியறான்" என்றால் யாருக்கும் புரியும். வெறி என்றால் அதில் கத்தி தெரிகிறது.

ஆனால் இதற்கு இன்னும் பழைய, இன்னும் கூரான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தொல்காப்பியம் காதலை ஏழு திணையாகப் பிரிக்கிறது. நடுவில் இருக்கும் ஐந்துதான் அன்பின் ஐந்திணை, அதாவது இருவர் மனமும் ஒத்த காதல். ஒரு ஓரத்தில் கைக்கிளை: ஒருவர் மட்டும் காதலிப்பது. இன்னொரு ஓரத்தில் பெருந்திணை: பொருந்தாதது, அளவு மீறியது. பெருந்திணைக்குச் சொல்லும் அடையாளங்களில் ஒன்று ‘மிக்க காமத்து மிடல்’. ஆசை மிஞ்சிப்போய் வலிமையைக் காட்டத் தொடங்கும் இடம் அது. எனக்குத் தெரிந்து நம் பித்துப் படங்களுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

அந்தப் பட்டியலிலேயே மடலேறுதலும் இருக்கிறது. காதலித்தவள் கிடைக்காதபோது ஆண் பனை மடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவளுடைய ஊர்த் தெருவில் ஏறி வருவது. தன்னை வருத்திக்கொண்டு, ஊரைக் கூட்டி, அவள் வீட்டாரை இணங்கவைக்கும் வழி. ஏறுவேன் என்று சொல்வது ஐந்திணைக்குள் அடங்கும். ஏறிவிட்டால் பெருந்திணை. பெண் மடலேறுவதில்லை என்பதும் மரபு. திருக்குறளும் கடல் போன்ற காமம் வருத்தினாலும் மடல் ஏறாத பெண்ணைப் பெருமைப்படுத்துகிறது (1137). கையைக் கத்தியால் கீறிக்கொண்டு காதலைச் சொல்லும் திரை நாயகனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனைமடல் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. சொன்னதோடு நிற்பதற்கும் செய்துகாட்டுவதற்கும் நடுவில் கோடு ஒன்றை நம் பழையவர்கள் தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

இந்த வகைப் படங்களுக்கும் சேலத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

நிறைய இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் போகும்போது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கவனிக்காமல் கடந்துபோகும் அந்த வளைவு இருக்கிறதே, அது மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டுடியோவின் வாசல். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே மதிலுக்குள். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். 1937இல் ‘சதி அகல்யா’வில் ஆரம்பித்து நூறு படத்துக்கு மேல் அங்கிருந்து வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) இங்கே பிறந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இங்கே பிறந்தது. சுந்தரம் 1963இல் காலமானார். இப்போது மிஞ்சி நிற்பது வளைவுதான்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’. மு. கருணாநிதி எழுதியது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க ஆரம்பித்து, அவர் அமெரிக்கா திரும்பிவிட, சுந்தரம் முடித்துக் கொடுத்தார். எம்.ஜி.ஆர். நடித்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது மாதுரி தேவியும் எஸ்.ஏ. நடராஜனும்தான். ராஜகுருவின் மகன் பார்த்திபன், ரகசியமாகக் கொள்ளைக் கூட்டத் தலைவன். மந்திரியின் மகள் அவனைக் காதலித்து மணக்கிறாள். அவனுக்கோ கண் வேறு இடத்தில். மனைவியை ஒழித்துவிட முடிவு செய்து, உலாவப் போகலாம் என்று மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கேதான் ‘வாராய் நீ வாராய்’ பாட்டு. ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. எத்தனை இனிமையான பாட்டு! கொலை செய்யக் கூட்டிப்போகிறவன் பாடும் பாட்டு அது. அவன் குரலில் தேன் ஒழுகுகிறது. அவளும் நம்பிக் கூடவே பாடுகிறாள்.

உச்சிக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள் அவள். முன்னால் வந்து கும்பிட்டு, பின்னால் போய், மூன்றாவது சுற்றில் தள்ளிவிடுகிறாள்.

இந்தக் கதை சேலத்தில் எழுதப்பட்டதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி இதுதான். நாதகுத்தனார் பாடிய பௌத்த காப்பியம், இப்போது கிடைப்பது பத்தொன்பது பாட்டுத்தான். முழுக்கதையும் நமக்குத் தெரிவது நீலகேசி என்ற சமண நூலின் உரையால். வணிகனின் மகள் ஒருத்தி, கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் திருடன் ஒருவனை மாடியிலிருந்து பார்த்துப் பித்தாகிறாள். தகப்பன் அவனை மீட்டுக் கட்டிவைக்கிறான். ஒருநாள் ஊடலில் அவள் விளையாட்டாக "நீ கள்வன்தானே" என்று சொல்லிவிட, அந்த ஒரு சொல்லை அவன் மனதில் வைத்துக்கொண்டு மலைக்கு அழைத்துப் போகிறான். பிறகு அவள் துறவியாகிறாள்.

இதில் முதலில் பித்துப் பிடித்தது அவளுக்குத்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாடியிலிருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். அவன் யார், என்ன செய்தவன் என்று எல்லாம் தெரிந்தே ஆசைப்பட்டாள். அந்தப் பித்திலிருந்து விழித்துக்கொண்டு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவும் செய்தாள். பித்துக்கும் உயிருக்கும் நடுவில் அவள் எடுத்த முடிவைக் காப்பியம் தண்டிக்கவில்லை. ஞானத்துக்கு முதல் படியாகவே வைக்கிறது.

எப்பப் பாத்தாலும் மலை, மலைன்னே சொல்றீங்களே?

ஏற்காட்டு அடிவாரத்தில் குடியிருப்பவள் வேறெதைச் சொல்வேன்?

இருந்தாலும் காரணம் உண்டு. நம் கவிதையில் மலை என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் காதலர் சேருமிடம். அந்த மலைதான் இந்த வகைப் படங்களில் காதல் முறியும் இடமாகிவிட்டது. ‘மந்திரி குமாரி’யில் உச்சியில் பெண் ஆணைத் தள்ளினாள். ‘குணா’வில் (1991) குணா கடத்திக்கொண்டு வந்த பெண் இறந்துபோக, அவளைத் தூக்கிக்கொண்டு அவன் உச்சியிலிருந்து குதிக்கிறான். ‘காதல் கொண்டேன்’ (2003) முடியும்போது மலை விளிம்பில் ஒரு கையில் காதலனும் மறு கையில் பித்துப்பிடித்த நண்பனும் தொங்க, நடுவில் திவ்யா திணறுகிறாள். நண்பனே கையை விட்டுவிடுகிறான். முடிவெடுப்பது யார் என்று பாருங்கள். 1950இல் அவள் எடுத்தாள். பிறகு வந்த இரண்டிலும் அவன் எடுக்கிறான், அவள் பிணமாகவோ சாட்சியாகவோ நிற்கிறாள். நாம் முன்னே போயிருக்கிறோமா பின்னே வந்திருக்கிறோமா என்று ஏற்காட்டுக் களத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். பின்னே வந்திருக்கிறோம் என்பதே என் கட்சி.

முடிவையெல்லாம் இப்படிச் சொல்லிட்டீங்களே!

மலையுச்சியில் முடியும் படங்களை முடிவைச் சொல்லாமல் பேச முடியாது. ‘அந்த நாள்’ படத்தில் யார் சுட்டது என்று மட்டும் என் வாயிலிருந்து வராது.

புதுசா வர்றவங்க எதுல ஆரம்பிக்கணும்?

அந்த ‘அந்த நாள்’ தான் (1954). எஸ். பாலச்சந்தர் இயக்கியது, ஏவி.எம். எடுத்தது. பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப்படம். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். சிவாஜி சுடப்பட்டு விழுவதிலிருந்தே படம் தொடங்குகிறது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒன்று சொல்லச் சொல்ல, செத்தவன் ஆளே மாறிக்கொண்டு வருகிறான். மனைவியாகப் பண்டரிபாய். கூடப் படுத்தெழுந்த மனுஷனை எவ்வளவு தெரியும் என்ற கேள்வியை அந்த முகத்தில் பாருங்கள்.

அடுத்தது ‘புதிய பறவை’ (1964), தாதா மிராசி இயக்கியது. வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’வாக வந்து, இங்கே சிவாஜி நடித்து, அவரே தயாரித்தது. கோபாலுக்கும் லதாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. அந்த நேரத்தில், செத்துப்போனதாக அவன் சொன்ன முதல் மனைவி உயிரோடு வாசலில் வந்து நிற்கிறாள். இவள் என் மனைவியே இல்லை என்று அவன் அடித்துச் சொல்கிறான். அவன் சொல்வது நிஜம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால், அவள் எப்படிச் செத்தாள் என்ற இன்னொரு நிஜத்தைச் சொல்லியாக வேண்டும். ரகசியத்தைப் பற்றி இதைவிட அழகாகக் கட்டிய முடிச்சைத் தமிழில் நான் பார்த்ததில்லை. ‘எங்கே நிம்மதி’ பாட்டில் அவன் கண்ணாடி போல நொறுங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் சௌகார் ஜானகியைக் கவனியுங்கள், பிறகு கடைசிக் காட்சியில் லதாவாக வரும் சரோஜா தேவியை. கடமைக்காகக் காதலித்தவள், அந்தக் காதல் நிஜமாகிப்போன பிறகு கடமையைச் செய்கிறாள். அவள் முகத்தில் இருப்பது அவன் கண்ணீரைவிடப் பெரிய துக்கம்.

‘என் இனிய பொன் நிலாவே’ எங்க கல்யாணப் பாட்டுங்க. அதையும் குறை சொல்வீங்களாமே?

பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. யேசுதாஸ் குரல், இளையராஜாவின் கிட்டார். அந்தப் பாட்டு வரும் படம் இளையராஜாவுக்கு நூறாவது. கேட்கும்போதே ஏற்காட்டில் மார்கழி விடியல்போல ஒரு குளிர் இறங்கும்.

படத்தில் அது வரும் இடத்தை மட்டும் ஒருதரம் பாருங்கள். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980). பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, பெண்களைக் கொன்றவன். ஷோபா நடித்த ரேகாவின்மேல் ஆசைப்பட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மலைப்பிரதேசத்து வீட்டில் வைத்திருக்கிறான். அவள் முன்னால் உட்கார்ந்துதான் இந்தப் பாட்டைப் பாடுகிறான். அவன் கண்ணில் காதல் நிஜமாகவே இருக்கிறது, அதுதான் கொடுமை. ஷோபா என்ன செய்கிறார் என்று பாருங்கள். கத்தவில்லை. அழவில்லை. மூச்சுவிடுவதைக்கூட அளந்து விடுகிறாள். எங்கே கதவு, இவன் மனநிலை எப்போது மாறும் என்று கணக்குப் போடும் முகம் அது. எட்டு மாதம் பஸ் ஸ்டாப்பில் நான் வைத்திருந்த முகம்.

பாலு மகேந்திரா பாட்டை இத்தனை இனிமையாக வைத்தது தவறு என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டு அவன் மனதுக்குள் கேட்பது, முகம் அவள் நிஜம். இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்திருக்கிறார். காதால் மட்டும் கேட்டால் கல்யாணப் பாட்டு, கண்ணையும் திறந்தால் வேறு. உங்கள் கல்யாணத்துக்கு அதைப் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. நன்றாக இருங்கள்.

குணாவையும் ‘காதல் கொண்டேன்’ வினோத்தையும் பார்த்தா பாவமா இருக்கே, அக்கா. அதுங்க என்ன செய்யும்?

எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. குகைக்குள்ளே ‘கண்மணி அன்போடு’ என்று எழுதச் சொல்லிக்கொண்டே உருகும்போது கல்லும் கரையும். வினோத் அனாதையாகக் குழந்தைத் தொழிலாளியாகப் பட்ட அடியைப் பார்த்துவிட்டு யாரால் அவனை வெறுக்க முடியும்? தனுஷின் அந்த உடம்பு, அந்தக் கூச்சம்.

ஆனால் பாவம் வேறு, உரிமை வேறு. அடிபட்டு வளர்ந்தவன் என்பதால் ஒரு பெண் அவனுக்கு மருந்தாகிவிட வேண்டும் என்று எந்த நியாயத்திலும் எழுதவில்லை. இரண்டு படமும் அவனுடைய வலியை நமக்கு அணு அணுவாகக் காட்டுகின்றன. கடத்தப்பட்டவளின் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று காட்ட நேரமில்லை. கேமரா யார் பக்கத்தில் உட்கார்கிறதோ அவர்களுக்காக நாம் அழுகிறோம். இது தெரிந்தே அழுங்கள், அழுவதை நிறுத்த வேண்டாம்.

கொடைக்கானலில் ‘குணா’ படமான இடம் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்ற பெயர் போய் குணா குகை ஆகிவிட்டது. 2006இல் அங்கே விழுந்த நண்பனை மீட்டவர்களின் கதையை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று 2024இல் எடுத்தபோது, அதே பாட்டு நண்பர்களின் அன்புக்குப் பாட்டாகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு அதற்குத் தகுந்த வீடு கிடைத்தது என்று கொட்டகையில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

மனநிலை சரியில்லாதவங்கன்னாலே இப்படித்தான் இருப்பாங்களா?

இல்லவே இல்லை. இந்தப் படங்கள் செய்த பெரிய கெடுதல் இது. ‘சிகப்பு ரோஜாக்க’ளிலிருந்து (1978) இன்றுவரை, பித்துப் பிடித்துக் கொல்பவனுக்குக் காரணமாக மனநோயைக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மனநோயோடு வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொட்டுக்கூடத் துன்புறுத்துவதில்லை. அவர்கள்தான் அடியும் ஏச்சும் வாங்குகிறார்கள். எங்கள் கூட்டத்துக்கே வரும் ஒரு அம்மாவின் மகன் பதினைந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார், லீ பஜாரில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். ‘சைக்கோ’ என்ற சொல்லை மாடியில் யாரும் சொல்வதில்லை என்று அவருக்காகவே வைத்தோம். மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யலாம், டெலி-மானஸ், காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

பின்னால் சுத்தறவனைப் பத்தி இருக்கு, சரி. வீட்டுக்குள்ளேயே சந்தேகப்படற புருஷனைப் பத்தி?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்கள்.

கே. பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) பாருங்கள். ராமநாதனாக ரஜினிகாந்த், அனுவாகச் சுஜாதா. அவன் அவளைப் படுத்துவதில் பெரும்பகுதி பேச்சில்தான். அன்பான வார்த்தையில் ஊசி ஏற்றுவான், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பவும் ஏற்றுவான். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் என்ன என்று புகார் சொல்வது? கையில் காயமில்லையே. சுஜாதா அதையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கும் விதத்தில் நம் வீட்டுப் பெண்கள் பல பேரைப் பார்க்கலாம்.

இன்னொன்று ‘வாலி’ (1999), எஸ்.ஜே. சூர்யாவின் முதல் படம். காது கேளாத, வாய் பேசாத அண்ணன், தம்பி மனைவிமேல் பித்தாகிறான். அஜித் இரண்டு வேஷத்தையும் செய்ததை எல்லோரும் புகழ்ந்தார்கள், புகழட்டும். எனக்குப் பயங்கரமாகத் தெரிவது வேறு. சிம்ரனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, கணவனிடம் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. என் அண்ணனைப் போய் இப்படிச் சொல்லலாமா என்கிறான். கணவன் நல்லவன், அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆனாலும் அவள் சொல்லை மட்டும் நம்ப மாட்டான். நம் கூட்டுக் குடும்பங்களில் மாமனார், மைத்துனர், சித்தப்பா என்று வாயைத் திறக்க முடியாமல் போன எத்தனை பேருடைய கதை அது. படம் முடிந்த அன்று எழுபது வயதைக் கடந்த ஒருவர் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காப்பி மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

‘மூன்றாம் பிறை’ இந்த வரிசையில வருமா? அது சுத்தமான அன்பு இல்லையா?

வரும், ஓரமாக. சீனு நல்லவன். நினைவு போய்க் குழந்தையாகிவிட்ட ஒருத்தியை விபச்சார விடுதியிலிருந்து மீட்டு, கேத்தியில் வைத்துத் தாய்போலப் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் அவளைத் தேடும் பெற்றோர் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அவள் குணமாகாமலே இருந்தால் தன்னோடு இருப்பாள் என்ற ஒரு சின்ன ஆசை அந்த அன்புக்குள் இல்லையா? இதைச் சொன்னதற்காக என்னோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கடைசியில் ஸ்டேஷனில் கமல் குட்டிக்கரணம் போடும்போது நானும் அழுதேன், அதில் பொய் இல்லை.

பத்தாவது படிக்கிற பையனைக் கூட்டிட்டு வரலாமா?

‘அந்த நாள்’, ‘புதிய பறவை’, ‘மந்திரி குமாரி’ மூன்றுக்கும் தாராளமாக அழைத்து வாருங்கள். ‘மூடுபனி’க்கும் ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கும் வேண்டாம். ‘காதல் கொண்டேன்’ பார்க்க வேண்டிய வயதே அதுதான் என்பது என் எண்ணம், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். படம் முடிந்ததும் அறிவுரை சொல்லாதீர்கள். திவ்யா எந்த இடத்தில் முதன்முதலாகப் பயந்தாள் என்று மட்டும் கேளுங்கள். பையன்கள் சரியாகவே சொல்கிறார்கள். வளர்ந்த ஆண்களைவிடச் சரியாக.

என் தோழியை ஒருத்தர் விடாம பின்தொடர்றார். சினிமாவை விடுங்க, நிஜத்துல என்ன செய்யறது?

கண்ணு, முதலில் அவள் சொல்வதை நம்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

பின்தொடர்வது குற்றம். பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் போவது, பேச முயல்வது, போனிலோ இணையத்திலோ அவளைக் கண்காணிப்பது எல்லாம் இதில் அடங்கும். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்த்தார்கள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு. முதல் முறைக்கு மூன்று வருஷம் வரை சிறை. தமிழ்நாட்டுக்கென்று 1998இலிருந்தே பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அவசரம் என்றால் 112. வந்த மெசேஜை அழிக்க வேண்டாம். தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். அவள் தனியாக பஸ் ஏற வேண்டாம், நீ கூடப் போ. என் அப்பா ஒரு மாதம் நின்றது போல.

ஆம்பளைங்க வரலாமா? புருஷனைக் கூட்டிட்டு வரலாமா?

வாருங்கள். பாதிப் பேர் ஆண்கள்தான். ‘அவர்கள்’ போடும் வாரத்தில் அழைத்து வருவதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாடிக்கு வரும்போது என்ன கொண்டுவரணும்?

காசு வாங்குவதில்லை. பாய் ஒன்று கொண்டு வாருங்கள், முதுகு பிடிப்பவர்களுக்கு மட்டும் நாற்காலி வைத்திருக்கிறோம். இடைவேளை கட்டாயம் உண்டு. கொட்டகையில் வளர்ந்தவள், இடைவேளை இல்லாமல் என்னால் படம் பார்க்க முடியாது. தெருமுனைக் கடையிலிருந்து தட்டுவடை செட் வரும், பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப்போட்டுக் காரச் சட்னியோடு. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மே மாதம்தானே என்று நினைக்காமல் ஸ்வெட்டரோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், களத்தில் எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், மொத்தம் இருபது கொண்டை ஊசி. ராத்திரி இறங்க வேண்டாம், தோட்டத்திலேயே படுக்க இடமிருக்கிறது. போன கோடையில் ‘மந்திரி குமாரி’தான் போட்டோம். மூன்றாவது சுற்றில் அவள் கை அவன் முதுகைத் தொட்டபோது, தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். இந்தக் கோடைக்கும் அதையே போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.